விருந்தினர் பதிவேட்டில் உள்ள தொலைபேசி எண்களுக்கு விளம்பரம் அனுப்பலாமா?

கேள்வி: உப்புவெளி விடுதிக்காரர்

வணக்கம். திருகோணமலையை அடுத்த உப்புவெளிக் கடற்கரையை அண்டிச் சிறிய தங்குவிடுதி ஒன்றை நடத்தி வருகிறோம். தங்க வருபவர்களின் பெயர், அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு இலக்கம், கைத்தொலைபேசி எண் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வது எங்கள் வழமை. வாடைக்காற்றுத் தொடங்கிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் புறாத்தீவுப் படகுகள் ஓடுவது குறைந்து, அறைகளும் வெறுமையாகி விடுகின்றன. அதனால் பதிவேட்டில் உள்ள எல்லா எண்களையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து விலைக்கழிவை அறிவிக்கலாம் என்று வரவேற்பு மேசையில் வேலை செய்யும் தம்பி சொல்கிறார். அவர் ஆர்வத்தோடு சொல்வதை வெறுமனே மறுக்க எனக்கு விருப்பமில்லை. இது சரியான வழிதானா, இல்லையெனில் வேறு வழி உண்டா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: நிலாவெளி வாசகி

ஐயா, தயவுசெய்து குழு மட்டும் தொடங்க வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கப்பட்ட ஒவ்வொருவருடைய எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். குழுவின் பெயரில் உங்கள் விடுதியின் பெயர் இருந்தால், அவர்கள் எல்லோரும் அங்கே தங்கியவர்கள் என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும். தனியாகப் பயணம் வந்த ஒரு பெண்ணின் எண், அவர் ஒருபோதும் சந்தித்திராத ஆண்களின் கைக்குப் போவதை அவர் எப்படி ஏற்றுக்கொள்வார்? அறை எடுப்பதற்காகத் தந்த எண்ணை அந்தத் தேவைக்கு அப்பால் பயன்படுத்த அவர் நமக்கு உரிமை தரவில்லை.

சட்டமும் இதே திசையில்தான் நிற்கிறது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்காக இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் பகுதிகள் படிப்படியாகவே நடைமுறைக்கு வருமாறு அமைக்கப்பட்டன என்றாலும், ஒரு நோக்கத்துக்காகத் திரட்டிய தகவலைப் பொருந்தாத வேறொரு நோக்கத்துக்குப் பயன்படுத்தலாகாது என்பதும், விளம்பரச் செய்திக்கு முன்கூட்டியே சம்மதம் பெற வேண்டும் என்பதும், வேண்டாம் என்பவர் செலவின்றி விலகிக்கொள்ள வழியிருக்க வேண்டும் என்பதும் அதில் தெளிவாக உள்ளன.

பதில்: கடைத்தெரு வியாபாரி

தங்கச்சி சொல்வதில் குழுவைப் பற்றிய பகுதியை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்புவதையே குற்றம்போல் பார்க்க வேண்டியதில்லை. தீபாவளிக்கும் பெருநாளுக்கும் புதிய துணி வந்ததும் அறிவிக்கும்படி எங்கள் கடையில் தாங்களாகவே கேட்டு எண் தந்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒலிபரப்புப் பட்டியல் என்று ஒரு வசதி உண்டு. ஒரு பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம், ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. உங்கள் எண்ணைத் தம் தொலைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். ஆகவே விருந்தினர் புறப்படும் நேரத்தில், செய்தி வேண்டுமா என்று கேட்டு, வேண்டும் என்பவரிடம் உங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பதில்: விடுதிக் கணக்கர்

பல விடுதிகளின் கணக்கைப் பார்க்கிறவன் என்ற முறையில் இன்னொன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அந்தப் பதிவேட்டின் பெறுமதி தொலைபேசி எண்ணில் இருப்பதாகவே எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு அது திகதியிலும் ஊரிலும் இருப்பதாகத் தோன்றுகிறது. பெயரையும் இலக்கங்களையும் விட்டுவிட்டு, வந்த மாதம், எந்த மாவட்டம் அல்லது நாடு, எத்தனை பேர், எத்தனை இரவு என்பவற்றை மட்டும் தனிக் கொப்பியில் எழுதிப் பாருங்கள். யாரையும் தொந்தரவு செய்யாமலே விடை வெளிப்படும்.

டிசம்பரில் வெளிநாட்டவருக்கு எவ்வளவு விலை குறைத்தாலும் பயன் சிறிது, ஏனெனில் அப்போது தென்மேற்குக் கரையில் உள்ள ஹிக்கடுவை, காலி நகரங்களின் பக்கக் கடல்தான் அமைதியாக இருக்கும். அதே மாதத்தில் பாடசாலை விடுமுறைக்கு வரும் உள்நாட்டுக் குடும்பமோ, பின்னர் மாசியில் சிவராத்திரியை ஒட்டிக் கோணேசர் கோயிலுக்கு வருபவரோ கடல்குளிப்பை நம்பி வருவதில்லை. அவர்களுக்குத் தேவை நான்கு பேர் படுக்கும் அறை, காலையில் மரக்கறிச் சாப்பாடு, கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போய்வர ஒரு வாகனம். உங்கள் கொப்பியும் அப்படிக் காட்டினால், விலைக்கழிவை அறிவிப்பதற்கு முன் அறையை மாற்றி அமையுங்கள். போயா எனப்படும் முழுநிலா நாள் விடுமுறையை ஒட்டி வரும் நீண்ட வாரஇறுதிகளையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். இந்த வேலையை அந்தத் தம்பியிடமே ஒப்படைத்தால், அவருடைய ஆர்வத்துக்கும் நல்ல இடம் கிடைக்கும்.

மறுமொழி: உப்புவெளி விடுதிக்காரர்

அனைவருக்கும் நன்றி. சம்மதம் கேட்கும் வரியைப் பதிவேட்டிலேயே சேர்த்தால் போதுமா?

பதில்: நிலாவெளி வாசகி

தனித்தாளாக வைப்பதே நல்லது, ஐயா. பதிவேட்டில் கையெழுத்திடுபவர் அறைக்காகக் கட்டாயம் இடவேண்டியது என்றே நினைத்துக்கொள்வார். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதி, விரும்பாதவர் வெறுமனே விட்டுவிடலாம் என்பதையும் அதிலேயே குறிப்பிடுங்கள். அடையாள அட்டையின் படத்தை வேலையாட்களின் சொந்தத் தொலைபேசிகளில் எடுக்கும் பழக்கம் இருந்தால் அதையும் இன்றே நிறுத்திவிடுங்கள்.