மண்டைக்குள் திசைகாட்டியா, மண்டைமேல் வயரா?

செம்புச்சுருள்: பக்கத்து இழையில் ஒரு மேதை, "மனித மூளை பூமியின் காந்தப்புலத்தை உணருது, கால்டெக் 2019-லேயே நிரூபிச்சாச்சு"ன்னு எழுதியிருக்கார். அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகச் சோதனை அது: ஆளை மின்சுருள்களுக்கு நடுவே உட்கார வச்சு, செயற்கைக் காந்தப்புலத்தைத் திருப்பி, தலைமேல் வயர் மாட்டி மூளையின் மின்னலைகளைப் (இஇஜி) பதிஞ்சாங்க. கணக்குப் போடுவோம். புலம் 35 மைக்ரோடெஸ்லா, கிடைமட்டத்திலிருந்து சாய்வு 60 டிகிரி. அதில் கிடைமட்டமா இருக்கிற பங்கு, அதாவது கிடைக்கூறு, 17.5. அதை 100 மில்லிநொடியில் 90 டிகிரி திருப்பினா மாற்றம் கிட்டத்தட்ட 25 மைக்ரோடெஸ்லா. இஇஜி வயர்களுக்கு நடுவே 100 சதுர செ.மீ. வளையம் இருந்தாலே 2.5 மைக்ரோவோல்ட் தூண்டப்படும். மூளை இல்லை சாமி, வயர்.

காந்தமுள்: எழுதினது நான்தான். பேரைச் சொல்ல வாய் கூசுதா? புலம் கீழ்நோக்கி இருக்கிறப்ப இடஞ்சுழியா திருப்பினா ஆல்ஃபா, அதாவது மூளையின் 8–13 ஹெர்ட்ஸ் மின்னலை, விழுது. அதே வேகத்தில் வலஞ்சுழின்னா விழலை. வயருக்கு இடம் வலம் தெரியுமா? குறிதான் மாறும், அளவு மாறாது.

செம்புச்சுருள்: 2.5 மைக்ரோவோல்ட். 100 மில்லிநொடித் துடிப்பு, 8–13 ஹெர்ட்ஸ் வடிகட்டிக்குள்ள நேரா ஒழுகும்.

அலைவரிசை: ஒழுகினா ஆல்ஃபா கூடணும். இங்கே குறையுதே! புலம் உண்டாக்கின சுருள்களும் இரட்டைக் கம்பிச் சுற்று. ஒப்பிடறதுக்கான போலி ஓட்டத்தில் ரெண்டு கம்பியிலும் மின்னோட்டம் எதிரெதிரா போகும். சூடு அதே, புலம் ரத்து.

செம்புச்சுருள்: புலம் ரத்தானா வயர்ல தூண்டலும் ரத்து. அந்தப் போலி ஓட்டம் சூட்டையும் இரைச்சலையும்தான் சோதிக்கும், என் வளையத்தை இல்லை. படிச்சுட்டு வாங்க.

விண்மீன்: ஷூமன் அதிர்வு, அதாவது மின்னல்களால் பூமியைச் சுத்தி எழுற மின்காந்த அதிர்வு, 7.83 ஹெர்ட்ஸ், ஆல்ஃபாவும் அதே. இயற்கையே இசைச்சு வச்சிருக்கு.

அலைவரிசை: ஆல்ஃபா 8-ல தொடங்குது, உங்க 7.83 வாசல்லயே நிக்குது. ஷூமன் வலு ஒரு பிக்கோடெஸ்லா அளவுதான். 35 மைக்ரோடெஸ்லாவில் மூன்றரைக் கோடியில் ஒரு பங்கு.

விண்மீன்: போன இழையிலும் இப்படித்தான் அவமானப்படுத்தினீங்க.

காந்தமுள்: 1992-லேயே கால்டெக்கின் கிர்ஷ்விங்க் குழு மனித மூளைத் திசுவில் மேக்னடைட்ங்கிற காந்தக் கனிமத்தைக் கண்டது. 50 நானோமீட்டர் துகள் ஒண்ணு புலத்தோட திசையில் நிக்கப் பார்த்தா, உடல்சூட்டால் வர்ற ஆட்டத்தில் தோத்துடும். இருபதைச் சங்கிலியா கோத்தா ஜெயிக்கும்.

செம்புச்சுருள்: கோத்தா! மூளையில் கோத்திருக்கிறதை யார் காட்டினா? காற்று மாசுத் துகளும் மூளையில் இருக்குன்னு 2016-ல வந்ததே, அது வசதியா மறந்துடுச்சோ? வயருக்கு வாங்க.

காந்தமுள்: வர்றேன். புலத்தை மேல்நோக்கி வச்சு அதே இடஞ்சுழி. கிடைக்கூறு அதே, உங்க 2.5-ம் அதே. ஆல்ஃபா விழலை. ஏன்?

செம்புச்சுருள்: உப்புநீர் நிரப்பின பொம்மைத் தலைக்கு அதே தொப்பியை மாட்டி, அதே திருப்பல் ஓடின பதிவைப் போடுங்க, பேசலாம்.

காந்தமுள்: கேட்டது "ஏன்".

செம்புச்சுருள்: 2.5.