பாம்பன் பக்கம் ஒரு சோல், புளூஸ் ராக் பேண்ட்: டிரம்பெட்டை எங்க சேர்க்கிறது?

பாம்பன்_கிட்டார்:

எல்லாருக்கும் வணக்கம். ஷில்லாங்ல 2003-ல ரூடி வாலாங்கும் டிப்ரிடி கர்பாங்கரும் தொடங்கின சோல்மேட் பேண்டைக் கேட்டதுல இருந்தே எனக்கு ஒரு ஆசை. மலை ஊர்ல இருந்து அப்படி ஒரு புளூஸ் வந்தா, எங்க கடற்கரையில இருந்தும் வரணும். இப்ப நாலு பேர் சேர்ந்துட்டோம்.

நான் எலக்ட்ரிக் கிட்டார். பாடுறது தங்கச்சிமடத்து அக்கா ஒருத்தர், சர்ச் பாடகர் குழுவுல வளர்ந்த குரல். மேல போகப் போக லேசா கிழியும், அந்தக் கிழிசல்தான் இந்த பேண்டுக்கே உயிர். டிரம்ஸ் தம்பி விசைப்படகுல போறவன். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், அந்த 61 நாள்தான் முழுசா கிடைப்பான். பேஸ் வாசிக்கிறவர் ராமநாதபுரத்துல இருந்து பஸ் ஏறி வர்றாரு.

போன வாரம் அஞ்சாவதா ஒரு அண்ணன் வந்தார். பேண்டு செட்ல டிரம்பெட் ஊதுறவர். கல்யாணம், துக்க வீடு, சப்பரம்னு எல்லாத்துக்கும் ஊதினவர். ஊதினா அடுத்த தெரு வரைக்கும் கேக்கும். ஆனா எங்க பாட்டுக்குள்ள வந்தா தடுமாறுறாரு. நாங்க பெரும்பாலும் ஈ மேஜர்லதான் வாசிக்கிறோம். சினிமாப் பாட்டை அவ்வளவு சுத்தமா ஊதுறவருக்கு இது ஏன் வரல?

இன்னொண்ணு. பதிவு பண்ணிக் கேட்டா ராக் இருக்கு, ஆனா சோல், அதாவது சர்ச் பாட்டும் புளூஸும் கலந்த அந்த உருக்கம், இல்ல. அக்கா குரல் கிட்டாருக்கு அடியில போயிருது. அமெரிக்காவுல மெம்ஃபிஸ் ஊர்ல பண்ணின பழைய சோல் பதிவுகள்ல பாடுறவங்களுக்கு அவ்வளவு இடம் எப்படிக் கிடைச்சது? தெரிஞ்சவங்க சொல்லுங்க. உப்புக் காத்துல கம்பியும் சீக்கிரமே துருப்பிடிக்குது.

உச்சிப்புளி_ஸ்ட்ரிங்ஸ்:

கம்பிக்கு மட்டும் சொல்றேன். கோட்டிங் உள்ள கம்பி வாங்குங்க, விலை கூட, ஆனா நம்ம ஊர்ல அதுதான் தாங்கும். வாசிச்சு முடிச்சதும் பருத்தித் துணியால ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைங்க, வியர்வையும் உப்புதான். கிட்டாரைச் சுவத்துல மாட்டாதீங்க. பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடி வைங்க.

கீழக்கரை_பேஸ்:

தம்பி, முதல்ல அந்த டிரம்பெட் அண்ணன் விஷயம். அவரை விட்டுறாதீங்க. அவர்கிட்ட ஒரு குறையும் இல்ல, சிக்கல் ஸ்கேல்ல இருக்கு.

டிரம்பெட் பி-ஃபிளாட் வாத்தியம். அவர் சி-னு விரல் வச்சு ஊதினா வெளிய கேக்குறது பி-ஃபிளாட். அதனால உங்களைவிட ஒரு முழு ஸ்வரம் மேல அவர் பிடிச்சாகணும். நீங்க ஈ மேஜர்ல நின்னா அவருக்கு அது எஃப்-ஷார்ப் மேஜர், ஆறு ஷார்ப். அதுல யாரா இருந்தாலும் விரல் சிக்கும்.

கிட்டாரோட ஆறு கம்பியையும் அரைக்கட்டை இறக்கிக் கட்டுங்க, பேஸையும் அதே அளவு இறக்குங்க. உங்க கை அதே ஈ வடிவத்துலதான் இருக்கும், வெளிய வர்றது ஈ-ஃபிளாட். அண்ணனுக்கு அது எஃப் மேஜர், ஒரே ஒரு ஃபிளாட். நீங்க ஏ பிடிச்சா அவருக்கு பி-ஃபிளாட் மேஜர், அவர் கைக்குப் பழகின இடம். கம்பி தளர்றதால பெண்ட் பண்றதும், அதாவது கம்பியைத் தள்ளி ஸ்வரத்தை ஏத்துறதும், சுலபம். புளூஸ் கிட்டாரிஸ்ட் ஸ்டீவி ரே வான் இப்படி இறக்கி வச்சுத்தான் வாசிச்சார்.

அடுத்து நீங்க கேட்ட இடம். நான் முப்பது வருஷமா பேஸ் வாசிக்கிறவன், இதை மனசார நம்புறேன்: சோல் பேண்டுன்னா அது டிரம்ஸும் பேஸும்தான், மத்தது எல்லாம் அதுக்கு மேல.

மெம்ஃபிஸ்ல மெக்லெமோர் அவென்யூல இருந்த பழைய சினிமா தியேட்டரைத்தான் ஸ்டாக்ஸ்ங்கிற சோல் இசைத்தட்டுக் கம்பெனி ஸ்டுடியோ ஆக்குச்சு. படம் பாக்குறதுக்காகச் சரிவா போட்ட தரையை அப்படியே விட்டுட்டாங்க. அங்க வர்ற பாடகர்களுக்குப் பின்னால வாசிச்சது புக்கர் டி அண்ட் தி எம்.ஜி.ஸ், நாலே பேர். ஆர்கன்ல புக்கர் டி ஜோன்ஸ், கிட்டார்ல ஸ்டீவ் க்ராப்பர், டிரம்ஸ்ல அல் ஜாக்சன், பேஸ்ல முதல்ல லூயி ஸ்டைன்பர்க், பிறகு டக் டன். 1962-ல அவங்களோட ‘கிரீன் ஆனியன்ஸ்’ வந்தப்ப புக்கருக்கு 17 வயசு. டக் டன் வந்த பிறகு ரெண்டு பேர் கறுப்பர், ரெண்டு பேர் வெள்ளையர். இனப் பிரிவினை ஊறிப்போன ஊர்ல அந்த நாலு பேரும் ஒரே அறையில உக்காந்து ஒருத்தரை ஒருத்தர் கேட்டு வாசிச்சதை நினைச்சா எனக்கு இன்னைக்கும் சிலிர்க்கும்.

க்ராப்பர் என்ன வாசிக்கலைங்கிறதைக் கவனிங்க. ஸ்டாக்ஸ் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங் பாடும்போது அவர் கை பாதி நேரம் ஒதுங்கியே நிக்கும். ரெண்டாவது அடியிலயும் நாலாவது அடியிலயும் ஸ்னேர் டிரம் விழும்போது கூடவே ஒரு சின்ன வெட்டு, நிறைய இடத்துல அவ்வளவுதான். அந்த அடியும் மயிரிழை பிந்தி விழும். நீங்க தேடுற சோல் அந்தப் பிந்தின அடியிலதான் இருக்கு.

ஆம்ப்ல கெயினை, அதாவது கரகரப்பைக் கூட்டுற திருகை, குறைங்க. மெதுவா மீட்டினா சுத்தமாவும், அழுத்தி மீட்டினா கரகரன்னும் வர்ற இடம் ஒண்ணு உண்டு, அங்க நிறுத்துங்க. அக்கா பாடி முடிக்கிற வரைக்கும் அழுத்தாதீங்க. டிரம்பெட்டும் பாட்டு முழுக்க வேண்டாம். மெம்ஃபிஸ் ஹார்ன்ஸ்னு பேர் எடுத்தது ரெண்டே பேர், டிரம்பெட் வேய்ன் ஜாக்சன், டெனர் சாக்ஸபோன் ஆண்ட்ரூ லவ். அக்கா ஒரு வரி முடிச்சு மூச்சு வாங்குற இடத்துல அண்ணன் ரெண்டு மூணு ஸ்வரத்துல பதில் சொல்லட்டும்.

தடைக்காலத்துல முதல் சில நாள் டிரம்ஸ் தம்பியும் பேஸ் நண்பரும் மட்டும் உக்காரட்டும். ஷஃபிள், அதாவது புளூஸோட ஊஞ்சலாடுற தாளம், வரலைன்னா திஸ்ர நடையில தகிட தகிடன்னு சொல்லிக்கிட்டே நடு எழுத்தை விட்டு அடிக்கச் சொல்லுங்க, வந்துரும்.

பாம்பன்_கிட்டார்:

அண்ணே, ரொம்ப நன்றி. இப்பவே கம்பியை இறக்கிட்டேன். டிரம்பெட் அண்ணனுக்குப் போன் போட்டு “எஃப் மேஜர்ண்ணே”ன்னு சொன்னேன், “அப்ப நான் வர்றேன்”னாரு.

தமிழ்ல பாட முடியுமாங்கிறதுலதான் எங்களுக்குள்ள ஒத்துப்போகல. பேஸ் நண்பர் இங்கிலீஷ்தான் வேணுங்கிறாரு. அக்காவுக்குத் தமிழ்லதான் நெஞ்சுல இருந்து வருது.

தொண்டி_கரை:

அக்கா சொல்றதைக் கேளுங்க தம்பி. நான் கர்னாடக சங்கீதம் சொல்லிக் கொடுக்கிறவ, எங்க தாத்தா கரைவலை இழுத்தவர். அம்பாப் பாட்டுல ஒருத்தர் முன்பாட்டு எடுக்க, வலையிழுக்கிற அத்தனை பேரும் பின்பாட்டு கொடுப்பாங்க. இழுக்கிற வேகம்தான் தாளம். பருத்திக் காட்டுல வேலை பாத்த கறுப்பின மக்களோட வேலைப் பாட்டுலயும் இதே மாதிரி ஒருத்தர் எடுக்க மத்தவங்க பதில் கொடுக்கிறது உண்டு, புளூஸ் அங்க இருந்துதான் வளர்ந்தது.

பன்னிரண்டு பார் புளூஸ்ல மூணு வரிதான். முதல் வரியைப் பாடி, அதையே திரும்பப் பாடி, மூணாவதுல பதில் சொல்லணும். ஒவ்வொரு வரிக்கும் நாலு பார், ஒரு பார்னா நாலு அடி. அந்த நாலு பார்ல பாடுறது பாதியிலயே முடிஞ்சிரும், மிச்சப் பாதி வாத்தியத்துக்கு. தமிழ்ல குட்டையான வரி எழுதினா அழகா உக்காரும்.

அக்காவைச் சுத்த தன்யாசி பாடச் சொல்லுங்க. புளூஸ்ல வர்ற மைனர் பென்டடானிக் ஸ்கேல்ல இருக்கிற அதே அஞ்சு ஸ்வரம். பிறகு காந்தாரத்தை, அதாவது ‘க’ ஸ்வரத்தை, அதோட தாழ்ந்த வகையான சாதாரணத்துக்கும் உயர்ந்த வகையான அந்தரத்துக்கும் நடுவுல இழுத்து நிறுத்தச் சொல்லுங்க. ஃப்ளோரிடாவுல டெரெக் டிரக்ஸ் கம்பி மேல குழாயை வழுக்கி வாசிக்கிற ஸ்லைடு கிட்டார்ல செய்றது இந்த இழைப்புதான். அவர் அலி அக்பர் கானோட சரோதைக் கேட்டு ஊறினவர். மனைவி சூசன் டெடெஸ்கியோட சேர்ந்து 2010-ல தொடங்கின பேண்ட்ல சோல், புளூஸ், ராக் மூணும் இருக்கு, ரெண்டு டிரம்மர், ஒரு ஹார்ன் வரிசை. அவ்வளவு பேர் மேடையில இருந்தும் அந்தம்மா குரல் மூழ்காது.

கீழக்கரை_பேஸ்:

தொண்டி அக்கா சொன்னதுக்கு மேல ஒண்ணே ஒண்ணு. ஆர்கன் இல்லாம விட்டுறாதீங்க தம்பி. அக்காவோட சர்ச்ல கீபோர்டு வாசிக்கிறவங்க இருப்பாங்களே, கேட்டுப் பாருங்க. ஆர்கன் டோன்ல ஒலி சுத்துற மாதிரி கேக்குற ரோட்டரி எஃபெக்ட் இருக்கும், அக்கா தாழப் பாடும்போது மெதுவா சுத்தட்டும், மேல போகும்போது வேகமா மாத்தச் சொல்லுங்க. ஆள் கிடைக்கலைன்னா தடைக்காலத்துல ஞாயித்துக்கிழமை நானே கீபோர்டைத் தூக்கிட்டு பாம்பன் வர்றேன். வாசிக்கிற இடத்துல ராத்திரி வோல்டேஜ் எப்படி இருக்கும்னு மட்டும் சொல்லுங்க, ஸ்டெபிலைசர் எடுத்துட்டு வரணுமா?