அக்ரோமெகலியும் இதயமும்: கையேட்டைச் சரிபார்க்க உதவி வேண்டும்

வணக்கம். அக்ரோமெகலி (வளர்ச்சி ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கும் நோய்) உள்ளவர்களுக்காக ஒரு பக்க இதயநலக் கையேடு தயாரிக்கிறோம். இதய மருத்துவர்கள், எக்கோ (இதய ஸ்கேன்) எடுப்பவர்கள், ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்கள் எல்லோரும் பார்த்துச் சொல்லுங்கள்.

வளர்ச்சி ஹார்மோன் கூடினால் சிறுநீரகம் உப்பைத் தேக்கிவைக்கும், பிரஷர் ஏறும். இதயத் தசையும் தடிக்கும். பெரும்பாலும் முதலில் கெடுவது இதயம் தளர்ந்து ரத்தத்தை வாங்கும் திறன். சுருங்கும் திறன் பிறகுதான் குறையும். அதனால் எக்கோ ரிப்போர்ட்டில் 'இ.எஃப். 60%' (ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை வெளியேற்றும் ரத்தத்தின் பங்கு) என்பதை மட்டும் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள். இடது கீழறைச் சுவரின் தடிமன், டயஸ்டாலிக் செயல்பாடு (இதயம் தளரும் திறன்), மைட்ரல், அயோர்டிக் வால்வுகளில் கசிவு உண்டா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

வீட்டில் பிரஷர் பார்ப்பவர்கள் கையில் சுற்றும் பட்டையைக் கவனியுங்கள். மேல்கைச் சுற்றளவு 34 செ.மீ.க்கு மேல் என்றால் சாதாரணப் பட்டை கூட்டிக் காட்டும். தேவையில்லாமல் மாத்திரை ஏறும். பெரிய பட்டை தனியாக எந்தக் கடையில் கிடைக்கிறது, என்ன விலை?

இன்னும் இரண்டு கேள்விகள். வளர்ச்சி ஹார்மோனைக் குறைக்கும் ஆக்ட்ரியோடைட் ஊசியும், பிரஷருக்கும் இதயத்துக்கும் தரும் பீட்டா பிளாக்கர் மாத்திரையும் சேர்ந்தால் நாடித்துடிப்பு மிகவும் குறையலாம். அப்படிப்பட்டவர்களுக்கு இசிஜி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிறீர்கள்? அதே ஹார்மோனைக் குறைக்கும் கேபர்கோலின் மாத்திரையை அதிக அளவில் பல வருடம் எடுப்பவர்களுக்கு வால்வைப் பார்க்க வருடம் ஒரு எக்கோ என்று எழுதியிருக்கிறோம், சரிதானா?

குறட்டையோடு பகலில் தூக்கம் வருபவர்களுக்கு வீட்டிலேயே ஸ்லீப் ஸ்டடி (தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பார்க்கும் சோதனை) செய்துகொடுப்பவர்கள் யாரையாவது தெரிந்தால், ஊர் பெயரோடு கமென்டில் போடுங்கள்.