அம்மாவின் கார்டிசோல் 4.2: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம், நாங்கள் மும்பை செம்பூரில் இருக்கிறோம். அம்மாவுக்கு மூட்டு வலிக்காக ஏழெட்டு மாதம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொடுத்தார்கள், வலி குறைந்ததும் அம்மா யாரிடமும் கேட்காமல் தானாகவே நிறுத்திவிட்டார். அப்புறம்தான் ஆரம்பித்தது, எழுந்து நின்றால் தலை சுற்றல், சாப்பாடு இறங்கவில்லை, குக்கரை இறக்கி வைக்கவே உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார்.

காலை 8 மணிக்கு எடுத்த ரத்தத்தில் கார்டிசோல் (அட்ரினல் சுரப்பி சுரக்கும் ஹார்மோன்) ஒரு டெசிலிட்டருக்கு 4.2 மைக்ரோகிராம். அட்ரினலைத் தூண்டும் ஏசிடிஎச் ஹார்மோனும் குறைவு. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்ததால் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி ஏசிடிஎச் அனுப்புவதைக் குறைத்து, அட்ரினல் சுரப்பியும் தூங்கிப் போயிருக்கலாம் என்றார் டாக்டர். கார்டிசோல் 3-க்குக் கீழே என்றால் குறைபாடு கிட்டத்தட்ட உறுதியாம், 15-க்கு மேல் என்றால் பெரும்பாலும் பயமில்லையாம், நாங்கள் நடுவில் மாட்டிக்கொண்டோம். அதனால் சினாக்தென் (செயற்கை ஏசிடிஎச்) ஊசி போட்டு, 30, 60 நிமிடத்தில் மறுபடி ரத்தம் எடுத்து கார்டிசோல் ஏறுகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

செம்பூர், சயான், பரேல் பக்கம் இந்த டெஸ்ட் எங்கே செய்கிறார்கள், எவ்வளவு ஆகும்? கேஇஎம் ஆஸ்பத்திரியில் எண்டோகிரைன் (ஹார்மோன்) ஓபிடி எந்தக் கிழமை? இதே மாதிரி ஸ்டீராய்டு நிறுத்திய யாருக்காவது சுரப்பி பழையபடி வேலை செய்ய எத்தனை மாதம் ஆனது?

அஸ்வகந்தா கொடு என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள், அதை மாமி ஏற்கெனவே மூன்று தடவை சொல்லிவிட்டார்.