சத்தியத்தில் யாரைப் பணயம் வைக்கிறோம்?

கரிசல்மண்:
அம்மா மேல் சத்தியம் செய்வதும் அம்மாவை இழுத்துத் திட்டுவதும் ஒரே வேரில் முளைத்தவை. ‘பொய் சொன்னா என் கண்ணு அவிஞ்சு போகட்டும்’ என்றால் சத்தியம், ‘உன் கண்ணு அவிய’ என்றால் வசவு. ஆள்தான் மாறுகிறது.

தாமரைச்செல்வி:
ஆள் மாறுவது சின்ன விஷயமா அண்ணா? புறநானூறு 72-இல் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் வஞ்சினம், அதாவது போருக்கு முன் சபதம், கூறுகிறான். பகைவரை வெல்லாவிட்டால் ‘எம் அரசன் கொடியவன்’ என்று குடிமக்கள் கண்ணீரோடு தூற்றட்டும், மாங்குடி மருதன் முதலான புலவர்கள் என் நாட்டைப் பாடாது போகட்டும் என்கிறான். எல்லாப் பழியும் அவன் தலையில். திட்டுபவனுக்கு என்ன நஷ்டம்?

கரிசல்மண்:
அதற்கு முந்தைய பாட்டையும் பாருங்கள். பகைவரைப் புறமுதுகிட வைக்காவிட்டால் மனைவியைப் பிரிவேனாக என்கிறான் பூதப்பாண்டியன். அங்கே பணயம் அவள்தானே?

தாமரைச்செல்வி:
பிரிவு அவனுக்கு வரும் தண்டனை. அவள் சாகட்டும் என்று அவன் சொல்லவில்லை. இன்று ‘என் பிள்ளை மேல சத்தியம்’ என்பவர் பிள்ளையின் உயிரையே வைக்கிறார்.

நீதிமன்றவாசி:
சட்டம் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. 1969-ஆம் ஆண்டு உறுதிமொழிச் சட்டப்படி கடவுள் பெயரால் சத்தியம் செய்யலாம், வேண்டாமென்றால் வெறும் உறுதிமொழி போதும். அது விடுபட்டாலும் சாட்சியம் செல்லும். பொய் சாட்சிக்கு ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. பொது இடத்தில் ஆபாசமாகப் பேசினால் மூன்று மாதம் வரை. சாமி பயம் போய் ஜெயில் பயம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

கரிசல்மண்:
எங்கள் பக்கம் இன்னும் போகவில்லை. கூண்டில் கூசாமல் பொய் சொல்பவரைக் கருப்பசாமி முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்லுங்கள், கை நடுங்கும்.

தாமரைச்செல்வி:
தன் மேல் விழும் என்ற பயம் அது. நான் சொல்வதும் அதைத்தான். தெருச்சண்டையில் கெட்ட வார்த்தை பேசுபவனுக்கு அந்தப் பயம் இல்லை. சண்டைக்கே வராத எதிராளியின் தாயையும் தங்கையையும் இழுக்கிறான். அவர்களை எதிராளியின் சொத்தாக நினைப்பதால்தான் அது அவனுக்கு வலிக்கும் என்று இவனுக்குத் தெரிகிறது.

கரிசல்மண்:
தன் சொத்து என்று நினைப்பதால்தான் பிள்ளை மேல் சத்தியமும் செய்கிறார்கள். வேர் ஒன்று என்றேனே!

தாமரைச்செல்வி:
சரி, பிள்ளை மேல் செய்யும் சத்தியத்தை வசவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. கற்பூரம் அணைப்பவரையும் நெடுஞ்செழியனையும் அதில் சேர்க்க விடமாட்டேன்.