தென் அமெரிக்கச் சுற்றுலா: இகுவாசு அருவிக்கு ஒரு நாள் போதுமா?

தக்கலை ஆசிரியர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் 31 ஆண்டுகள் பள்ளியில் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். கரும்பலகையில் தென் அமெரிக்காவை எத்தனை முறை வரைந்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. பரானா ஆற்றை நீலச் சாக்கட்டியால் இழுத்து, அதில் இகுவாசு ஆறு வந்து சேருமிடத்தில் ஒரு புள்ளி வைத்து, பிரேசில், அர்ஜென்டினா, பராகுவே மூன்றும் இங்கேதான் சந்திக்கின்றன என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். அந்தப் புள்ளியை நேரில் பார்க்கும் வாய்ப்பு இப்போதுதான் கூடி வந்திருக்கிறது.

வெளியூர் நிறுவனம் ஒன்று வழிகாட்டியுடன் கூடிய 15 நாள் பயணத் திட்டத்தை அனுப்பியுள்ளது. லிமாவில் இறங்கி, குஸ்கோவும் மாச்சு பிச்சுவும் பார்த்துவிட்டு, புவனெஸ் ஐரிஸ் சென்று, அங்கிருந்து இகுவாசு அருவிக்கும் கடைசியாக ரியோ டி ஜெனிரோவுக்கும் போவதாகத் திட்டம். இகுவாசுக்கு நேரே ‘1 முழு நாள்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். திற்பரப்பு அருவியில் ஒரு மணி நேரம் குளித்துவிட்டு வீடு திரும்பும் நமக்கு ஒரு முழு நாள் என்பதே அதிகம் என்கிறார் என் மைத்துனர். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

எனக்கு வயது 66, மனைவிக்கு 61. அவருக்கு இரத்த அழுத்தம் உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. இருவரும் சைவ உணவுக்காரர்கள். போய் வந்தவர்கள் இருந்தால், இந்தத் திட்டத்தில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிடலாம் என்று சொல்லி உதவ வேண்டுகிறேன்.

கோதையாற்றங்கரை

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் குலசேகரத்தில் ரப்பர் விவசாயம் செய்பவன். 2019-ல் நானும் மனைவியும் இதே போன்ற ஒரு குழுவில் சேர்ந்து போய் வந்தோம். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் காகிதத்திலும் ‘முழு நாள்’ என்றுதான் இருந்தது. ரியோவிலிருந்து விமானத்தில் ஃபோஸ் தோ இகுவாசு நகரில் நாங்கள் இறங்கியபோது காலை 11 மணி. விடுதியில் பெட்டிகளை வைத்துவிட்டு, குழுவுக்கென்று ஏற்பாடு செய்திருந்த இந்தியச் சாப்பாட்டுக்காக நகரத்தின் மறுமுனைக்குப் போய், சோறு வேகும் வரை காத்திருந்து சாப்பிட்டு முடித்துப் பூங்கா வாசலுக்கு வந்து சேரும்போது மணி இரண்டரை ஆகிவிட்டது. ஐந்து மணிக்கெல்லாம் பேருந்தில் ஏறச் சொல்லிவிட்டார்கள். ஆக, ஏழு கடல் தாண்டிப் போய் நாங்கள் அருவியைப் பார்த்தது இரண்டரை மணி நேரம்.

அதைவிடப் பெரிய வருத்தம் வேறொன்று. பிரேசில் கரையில் நின்றபோது, எதிர்ப்புறம் அருவியின் தலைமாட்டில் ஒரு நடைபாதையில் மனிதர்கள் எறும்புச் சாரை போல ஊர்ந்து போவது தெரிந்தது. நாம் எப்போது அங்கே போவோம் என்று வழிகாட்டியிடம் கேட்டேன். அது அர்ஜென்டினா, உங்கள் குழுவுக்கு அந்த நாட்டு விசா எடுக்கவில்லை என்றார். திட்டத்தில் ‘இகுவாசு அருவி’ என்று எழுதியிருந்தார்களே தவிர, எந்தக் கரை என்று எழுதவில்லை. கேட்காதது எங்கள் தவறுதான் என்று அவர் சொன்னது இன்னும் உறுத்துகிறது.

எனவே ஐயா, நாள் கணக்கில் பேசாதீர்கள். பூங்காவுக்குள் எத்தனை மணி நேரம், எந்தக் கரை, எத்தனை மணிக்கு வாசல் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பாதையில் அர்ஜென்டினா இருப்பதால் விசா எப்படியும் எடுப்பார்கள். ஆனால் அருவியின் அர்ஜென்டினா கரைக்கு அழைத்துப் போவார்களா, அல்லது அங்கே இறங்கி நேராக எல்லை தாண்டி பிரேசிலுக்குள் கொண்டுபோய்விடுவார்களா என்பது வேறு கேள்வி. இடையில் ஒரு முறை எல்லை தாண்டித் திரும்ப வேண்டி வந்தால், பலமுறை நுழையத்தக்க விசா கையில் இருக்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மணவாளக்குறிச்சி மகள்

வணக்கம் ஐயா. நானும் என் கணவரும் வழிகாட்டிக் குழு இல்லாமல், இகுவாசில் மட்டும் மூன்று இரவுகள் தங்கினோம். இரண்டு கரைகளும் இரண்டு வேறு அனுபவங்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

குவாரனி மொழியில் இகுவாசு என்றால் ‘பெருநீர்’ என்று பொருள். பெயருக்கு ஏற்றாற்போல, அது ஒரே அருவி அன்று, ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர் அகலத்துக்கு 275 அருவிகள் அடுத்தடுத்து விழுகின்றன. உயரம் 60 முதல் 82 மீட்டர் வரை. சராசரியாக வினாடிக்கு 1,500 கன மீட்டர் அளவில் தண்ணீர் இறங்குகிறது. நம் அணைக் கணக்கில் சொன்னால் 50,000 கன அடிக்கு மேல். பேச்சிப்பாறையில் சில ஆயிரம் கன அடி திறந்தாலே திற்பரப்பில் குளிக்கத் தடை போட்டுவிடுகிறோம் என்பதை நினைத்தால் அதன் அளவு விளங்கும்.

பிரேசில் கரையில் முழுக் காட்சியும் கிடைக்கிறது. சுமார் 1.2 கிலோமீட்டர் நீளமுள்ள பாதையில் நடக்க நடக்க, எதிர்க்கரை அருவிகள் ஒவ்வொன்றாகத் திரை விலகுவது போல வெளிப்படும். கடைசியில் ஆற்றுக்குள் நீளும் ஒரு மேடையில் போய் நின்றால் முன்னும் பக்கவாட்டிலும் தண்ணீர்தான். இதற்கு அரை நாள் போதும்.

அர்ஜென்டினா கரை அப்படியன்று. பெரும்பாலான அருவிகள் அந்த மண்ணில்தான் இருக்கின்றன. கீழ்ப் பாதை, மேல் பாதை என்று இரண்டு உண்டு. அருவிகளின் அடிவாரத்தில் ஒன்றும் தலைக்கு மேலே மற்றொன்றும் போகின்றன. பிறகு ஒரு சிறு ரயிலில் ஏறிக் கடைசி நிலையத்தில் இறங்கி, ஆற்றின் மேல் போட்ட இரும்புப் பாலத்தில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். காலுக்குக் கீழே கம்பி வலை. அதன் வழியே, பழையாறு போல அமைதியாக ஓடும் தண்ணீர் தெரியும். இவ்வளவு சாதுவான ஆறா அந்தச் சத்தத்தை எழுப்புகிறது என்று நினைத்துக்கொண்டே நடந்தால், பாலம் முடியும் இடத்தில் ஆறும் முடிந்துவிடுகிறது. அதுதான் ‘பிசாசின் தொண்டை’. சுமார் 80 மீட்டர் ஆழத்தில் தண்ணீர் எங்கே போய் விழுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. திரும்பி எழும் சாரல்தான் தெரியும். அந்தச் சாரலைக் கிழித்துக்கொண்டு கரிய உழவாரக் குருவிகள் நேராக அருவிக்குள் பாய்ந்தன. நீர்த்திரைக்குப் பின்னால் உள்ள பாறையில்தான் அவற்றுக்குக் கூடு. நாங்கள் அங்கே ஒரு மணி நேரம் நின்றோம், அதுவும் போதவில்லை.

எனவே அர்ஜென்டினாவுக்குக் காலை முதல் மாலை வரை ஒரு முழு நாள், பிரேசிலுக்கு அரை நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் குறைந்தால் என் கணக்கில் அது இகுவாசு பயணமே அன்று.

உங்கள் மைத்துனரிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள்: அங்கே யாரும் அருவியில் தலை கொடுத்துக் குளிக்க முடியாது. அருவி என்றாலே எண்ணெய் தேய்த்துக்கொண்டு போகும் நமக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான். வேண்டுமானால் படகில் அருவியடி வரை கொண்டுபோய் நனைத்துக் கூட்டிவருகிறார்கள். முதுகுவலி உள்ளவர்களுக்கு அந்தப் படகின் குலுக்கல் ஒத்துக்கொள்ளாது.

நீள மூக்கும் வளையமிட்ட வாலும் உள்ள குவாத்தி என்னும் விலங்கு கூட்டமாகத் திரியும். பார்க்க அப்பாவியாக இருக்கும், நகம் கூர்மையானது. என் கைப்பையிலிருந்த நேந்திரங்காய் வறுவல் பொட்டலத்தை ஒன்று இழுத்துக் கிழித்து, நான் வாய் மூடுவதற்குள் அதன் குடும்பமே வந்து தின்று தீர்த்துவிட்டது. தின்பண்டத்தைக் கையில் வைத்திருக்காதீர்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, டிசம்பர் முதல் மார்ச் வரை அங்கே கடும் வெயிலும் மழையும். ஏப்ரல், மே அல்லது ஆகஸ்ட், செப்டம்பர் இதமாக இருக்கும். ஆனால் எந்த மாதமும் உத்தரவாதம் அன்று. 2023 அக்டோபரில் வெள்ளம் பெருகி நடைபாதைகளையே மூடிவிட்டார்கள்.

நாகர்கோவில் மருத்துவர்

மருத்துவம் சார்ந்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

பிரேசில், அர்ஜென்டினா, பெரு ஆகிய நாடுகளுக்குச் சென்று திரும்புவோரிடம் இந்திய விமான நிலையத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழைக் கேட்பார்கள். இல்லையெனில் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி உள்ளது. ஊசி போட்ட 10 நாள்களுக்குப் பிறகே சான்றிதழ் செல்லும். அதன்பின் வாழ்நாள் முழுவதும் செல்லும். அரசு அனுமதித்த மையங்களில் மட்டுமே இதைப் போடுவார்கள். சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலையம் அவற்றில் ஒன்று. ஆனால் இது உயிருள்ள கிருமியை வலுக்குறைத்துச் செய்யும் தடுப்பூசி. 60 வயதைக் கடந்து முதல் முறையாகப் போடுவோருக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு, குறைவே ஆனாலும், மற்றவர்களைவிடக் கூடுதல். நீங்கள் இருவருமே அந்த வயதைக் கடந்தவர்கள். எனவே பயணத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். முட்டை ஒவ்வாமை இருந்தால் மறைக்காதீர்கள்.

குஸ்கோ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். லிமா கடற்கரை நகரம். அங்கிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் அந்த உயரத்துக்குக் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை யாருக்கும் வரலாம். மாச்சு பிச்சு சுமார் 2,430 மீட்டர்தான் என்பதால், போவதாக இருந்தால் குஸ்கோவில் தங்காமல் உடனே கீழே பள்ளத்தாக்குக்கு இறங்கி, முதல் இரவுகளை அங்கே கழிப்பது நல்லது.

கொல்லங்கோட்டுக் கப்பல்காரர்

சரக்குக் கப்பலில் வேலை பார்த்த காலத்தில் இந்த நகரங்களில் பலமுறை கரையிறங்கியிருக்கிறேன். அருவியைப் பற்றி மகள் எழுதிவிட்டதால் நகரங்களைப் பற்றிச் சொல்கிறேன்.

ரியோவில் கோர்கோவாடோ மலையின் உயரம் 710 மீட்டர். பல் சக்கர ரயிலில் ஏறிப் போகலாம். அந்த ரயில் 1884-லேயே வந்துவிட்டது, உச்சியில் கிறிஸ்து சிலை எழுந்தது 1931-ல்தான். நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு கணக்கு: அந்தச் சிலை 30 மீட்டர், அதாவது ஏறத்தாழ 98 அடி, பீடம் 8 மீட்டர். குமரிமுனையில் நிற்கும் வள்ளுவர் 95 அடி, பீடம் 38 அடி. சிலையை மட்டும் அளந்தால் அவர்களுடையது மூன்றடி கூடுதல் உயரம், பீடத்தோடு அளந்தால் நம்முடையதுதான் உயரம். மேகம் இறங்கிவிட்டால் சிலையின் காலடியில் நின்றாலும் முகம் தெரியாது. ஆகவே ‘இரண்டாம் நாள் காலை 9 மணி’ என்று முன்கூட்டியே பூட்டிவைக்கும் குழுவைவிட, வானத்தைப் பார்த்து நாளை மாற்றிக்கொள்ளும் குழுவே மேல். கம்பிவடத்தில் தொங்கிப் போகும் சர்க்கரைக்கட்டி மலைக்கு மாலையில் போங்கள். விளக்கு ஏற்றும் நேரத்தில் நகரமும் விரிகுடாவும் ஒன்றாகத் தெரியும்.

புவனெஸ் ஐரிஸ் நடந்து பார்க்க வேண்டிய நகரம். பேருந்துச் சன்னல் வழியே காட்டிவிட்டு ‘நகர உலா முடிந்தது’ என்பார்கள், ஏமாந்துவிடாதீர்கள். 1908-ல் திறந்த கொலோன் நாடக அரங்கின் உட்புறத்தைப் பார்ப்பதற்கும், அந்நாட்டு அதிபரின் மனைவியாக இருந்த ஏவா பெரோன் உறங்கும் ரெக்கொலேட்டா கல்லறைத் தோட்டத்தில் நடப்பதற்கும் ஒரு நாளை ஒதுக்குங்கள். லா போகா பகுதியின் வண்ண வீடுகளைப் பகலில் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். 1924-ல் உடல்நலம் குன்றிய தாகூர், அர்ஜென்டின எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போவின் விருந்தினராகத் தங்கியது அந்நகரை அடுத்த சான் இசித்ரோவில்தான்.

சைவ உணவுக்கு ஒரு எச்சரிக்கை. அர்ஜென்டினாவில் ‘கார்னே’ வேண்டாம் என்றால் மாட்டிறைச்சி வேண்டாம் என்றே புரிந்துகொள்வார்கள், கோழி வந்துவிடும். கோழி, மீன் என்று ஒவ்வொன்றாக மறுத்துச் சொல்லுங்கள். பிரேசிலில் சோறும் கறுப்பு பீன்ஸும் எங்கும் உண்டு என்றாலும் பீன்ஸில் பன்றிக்கறி கிடக்கலாம், கேட்டுச் சாப்பிடுங்கள். அங்கே தட்டை எடை போட்டுக் காசு வாங்கும் கடைகள் நமக்கு வசதி. நம் மரச்சீனிக்கிழங்கு அந்தக் கண்டத்திலிருந்து வந்ததுதான். அங்கே அதை அவித்தும் பொரித்தும் மாவாக்கியும் வைத்திருப்பதைப் பார்த்தால் வீட்டு நினைவு வரும். பிரேசிலில் பேசுவது போர்த்துகீசியம். சன்னல், மேசை, சாவி, அலமாரி என்று நாம் சொல்லும் சொற்களே அந்த மொழியிலிருந்து வந்தவை என்பதால் முற்றிலும் அந்நியமாக இருக்காது.

தக்கலை ஆசிரியர்

அனைவருக்கும் நன்றி. மருத்துவர் எழுதியதைப் படித்த பிறகு இருவரும் எங்கள் மருத்துவரைப் பார்த்தோம். தடுப்பூசிக்கு அவர் சம்மதித்துவிட்டார். குஸ்கோ உயரம் மனைவிக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். எனவே லிமா, குஸ்கோ இரண்டையும் எடுத்துவிடச் சொல்லி, இகுவாசில் மூன்று இரவுகள் கேட்டிருக்கிறேன். எந்தக் கரை, எத்தனை மணி நேரம் என்று கேட்டு நான் அனுப்பிய கடிதத்துக்கு, இரண்டு நாள் மௌனத்துக்குப் பிறகு, ‘பிரேசில் கரை மட்டும், 3 மணி நேரம்’ என்று பதில் வந்தது. கூடுதல் தொகைக்கு அர்ஜென்டினா கரையைச் சேர்க்க இப்போது ஒப்புக்கொண்டுள்ளார்கள். ஒரு சிறு ஐயம்: அங்கே குடை கொண்டுபோனால் பயன்படுமா?

கோதையாற்றங்கரை

நல்ல முடிவு, ஐயா. உங்கள் ஐயத்துக்கு மகள்தான் பதில் சொல்ல வேண்டும். போகும் வழியில் ரப்பர் மரம் தென்படுமா என்று மட்டும் தேடாதீர்கள். 1876-ல் விக்காம் என்பவர் விதை எடுத்துப் போனது அமேசான் காட்டிலிருந்து. அது இகுவாசுக்கு வெகு வடக்கே. நான் ஃபோஸ் முழுவதும் தேடி ஏமாந்தவன்.

மணவாளக்குறிச்சி மகள்

குடை வேண்டாம் ஐயா. சாரல் கீழிருந்து மேலே வருகிறது. குடை பிடித்தவர்கள்தான் அதிகம் நனைந்தார்கள். முழங்கால் வரை வரும் மழைக்கோட்டும், கைப்பேசிக்கு ஒரு நெகிழிப் பையும், ஈரத்தில் வழுக்காத செருப்பும் போதும். கண்ணாடி அணிபவர் என்றால் அதைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். பிசாசின் தொண்டையில் என் கணவர் துடைப்பதற்காகக் கழற்றிய கண்ணாடி இன்னும் அங்கேதான் இருக்கிறது.