மறு: கம்பானியன் சுவிட்ச் – தோழமைச் சொடுக்கியா, துணை ஆளியா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வீட்டு சுவிட்சுகளுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த மடல் இழை நீண்டுவிட்டது, அதனால் இரண்டு மடல்களிலிருந்து ஆளுக்கொரு வரியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், முதலாவது அண்ணாவுடையது, இரண்டாவது இலங்கை நண்பருடையது. புதிதாகப் படிப்பவர்களுக்கு: ஸ்மார்ட் சுவிட்ச் வைஃபை வழியாகவும் விளக்கைப் போட்டு அணைப்பது, கம்பானியன் அதே விளக்குக்கு இன்னொரு இடத்தில் வைக்கும் அதன் ஜோடி, டிராவலர் வயர் இரண்டு சுவிட்சுகளுக்கும் இடையே ஓடும் கம்பி.

> ஸ்மார்ட் சுவிட்சோடு சேர்ந்து வரும் கம்பானியன் சுவிட்சைத் தோழமைச் சொடுக்கி எனலாம். டிராவலர் வயர் பயணிக் கம்பி.

> எங்கள் பக்கம் சுவிட்ச் என்றால் ஆளி. துணை ஆளி என்றாலே போதுமே?

அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். பயணிக் கம்பி என்று படித்ததும் எனக்கு டவுன் பஸ்ஸில் நாம் பிடித்துக்கொண்டு நிற்கும் கம்பிதான் நினைவுக்கு வந்தது. ஸ்மார்ட் என்பதற்குத் திறனா சூட்டிகையா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை, அது போன வருடமே ஓடி முடிந்து யாரும் யாரையும் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு இருக்கும் கவலை வேறு. ஆங்கிலப் பெயரைப் பார்த்துப் பெயர் வைக்கிறோம், பெட்டிக்குள் அந்தச் சாமான் என்ன வேலை செய்கிறது என்று பார்த்து வைக்கவில்லை.

இதே இழையிலேயே ஒருவர் இருவழிச் சொடுக்கி என்கிறார், கலிஃபோர்னியா நண்பர் மூவழி என்கிறார், இரண்டு பேரும் பேசுவது ஒரே சாமானைத்தான், ஒரு விளக்கை இரண்டு இடங்களிலிருந்து போட்டு அணைக்க வைக்கும் சுவிட்சை. பிரிட்டன்காரர்களும் நாமும் மின்சாரம் போகக்கூடிய வழிகளை எண்ணி டூவே என்கிறோம். அமெரிக்காவில் அதே சுவிட்சின் பின்னால் இருக்கும் மூன்று முனைகளை எண்ணி த்ரீவே என்கிறார்கள். மூன்றாவது இடத்திலிருந்தும் அதே விளக்கைப் போட வேண்டுமென்றால் நடுவில் நான்கு முனை உள்ள ஒன்று வரும், நமக்கு அது இன்டர்மீடியட், அவர்களுக்கு ஃபோர்வே. இதையெல்லாம் அப்படியே தமிழாக்கினால் அவர்களுடைய எண்ணிக்கைச் சண்டை நம் வீட்டுக்கு வந்துவிடும். இருவழி என்றே வைத்துக்கொள்வோம், வழியை எண்ணுவதுதான் கேட்டதும் புரிகிறது.

இப்போது கம்பானியன் விஷயம். எங்கள் திருச்சி வீட்டில் போன மாதம் மாடிப்படி விளக்கை மாற்றினோம், அதைச் சொன்னால் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று தெரியும். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச், எலெக்ட்ரீஷியன்கள் ஸ்டேர்கேஸ் வயரிங் என்று சொல்வது. கீழ்ப்பெட்டியில் சிவப்பு பேஸ், அதாவது மின்சாரம் வரும் கம்பி, வந்து சுவிட்சின் நடு முனையில் ஏறுகிறது. அங்கிருந்து இரண்டு மஞ்சள் கம்பிகள் மேலே போகின்றன, மேல் சுவிட்சின் நடு முனையிலிருந்து ஒரு கம்பி விளக்குக்குப் போகிறது. கீழும் மேலும் ஒரே மஞ்சளில் நின்றால் விளக்கு எரியும், ஆளுக்கொரு மஞ்சளில் நின்றால் அணையும். மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி இந்த சுவிட்சுகள் பக்கமே வராது, அது நேராக விளக்குக்குப் போய்விடும்.

வம்பு அங்கேதான். ஸ்மார்ட் சுவிட்ச் வைஃபை சொல்வதைக் கேட்டுக்கொண்டே விழித்திருக்க வேண்டும், அதற்கு 24 மணி நேரமும் பேஸ், நியூட்ரல் இரண்டும் வேண்டும். கீழ்ப்பெட்டியில் பிளக் பாயின்ட் இருப்பதால் இரண்டும் உண்டு, ஆனால் விளக்குக் கம்பி அங்கே இல்லை. மேல்பெட்டியில் விளக்குக் கம்பி உண்டு, நியூட்ரல் கிடையாது, பேஸும் இந்த மஞ்சளில் கொஞ்ச நேரம் அந்த மஞ்சளில் கொஞ்ச நேரம். மாப்பிள்ளை ஒரு மண்டபத்தில், பெண் ஒரு மண்டபத்தில். நியூட்ரல் வேண்டாத வகையும் விற்கிறார்கள், அது விளக்கு வழியாகவே கொஞ்சம் மின்சாரத்தைக் கசியவிட்டு உயிர் பிழைக்கும், எல்இடி பல்பு ராத்திரி முழுக்க மினுக் மினுக் என்று உயிரை வாங்கும், அதற்கு விளக்கில் ஒரு கெபாசிட்டர் தனியாகக் கட்ட வேண்டும். எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசியில் மெயினை இறக்கிவிட்டு இப்படிச் செய்தோம். பேஸ் வருவதை உணரும் முனை உள்ள ஒரு சின்ன ரிலே மாட்யூலை, அதாவது தகவல் வந்ததும் விளக்கின் மின்சாரத்தைத் தானே வெட்டி இணைக்கும் ஸ்மார்ட் சாமானை, மேல்பெட்டிக்குள் வைத்தோம். நியூட்ரலை விளக்கு இருக்கும் இடத்திலிருந்து, விளக்குக் கம்பி வரும் அதே பைப்பில் கருப்புக் கம்பியாக இழுத்தோம். (மாடி பெட்ரூம் பிளக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாமே என்றார் எலெக்ட்ரீஷியன், பக்கம்தான். ஆனால் மாடிக்குத் தனி ஆர்சிசிபி, மின்கசிவு வந்தால் இணைப்பை வெட்டும் கருவி. ஒன்றில் பேஸ் எடுத்து இன்னொன்றில் நியூட்ரலைச் சேர்த்தால் போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் கணக்கு உதைக்கும், என்றைக்காவது டிரிப் ஆகும்.) இரண்டு டூவேக்களையும் கழற்றிவிட்டு பெல் சுவிட்ச் மாதிரி அமுக்கினால் மட்டும் தொடுகிற வகையைப் போட்டோம். ஒரு மஞ்சளை நிரந்தரப் பேஸாக்கி மாட்யூலுக்குக் கொடுத்தாயிற்று. இன்னொரு மஞ்சளில், கீழேயோ மேலேயோ யாராவது அமுக்கும்போது மட்டும் பேஸ் வந்து மாட்யூலைத் தட்டிவிட்டுப் போகும்.

இப்போது அந்த இரண்டு சுவிட்சுகளும் என்ன செய்கின்றன என்று பாருங்கள். விளக்கின் மின்சாரம் இரண்டின் வழியாகவும் போவதில்லை. "போடு, அணை" என்றுகூட அவை சொல்வதில்லை, "மாற்று" என்று மட்டும் சொல்கின்றன. மேலே தள்ளினால் அணைப்பு, கீழே தள்ளினால் எரிப்பு என்ற கணக்கு டூவே வந்தபோதே பாதி போயிற்று, இப்போது முழுதாகப் போய்விட்டது. கடையில் ஜோடியாக விற்கும் கம்பானியன் சுவிட்சும் இந்த ஜாதிதான், செய்தியைத் தலைமைச் சுவிட்சுக்கு அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. விளக்குக் கம்பியைக் கொண்டுபோய் அதில் செருகினால் எரியாது.

அதனால்தான் துணை ஆளி எனக்கு ஒட்டவில்லை. ஆளி நல்ல சொல், எனக்குச் சொடுக்கியைவிடப் பிடிக்கும் (இங்கே ஆளி என்றால் கடையில் விதையை எடுத்து நீட்டுவார்கள், அது வேறு கதை). ஆளுவது எதுவோ அது ஆளி. பெட்டிக்குள் ஒளிந்திருக்கும் ரிலேதான் ஆளுகிறது, சுவரில் இருப்பது மனுப்போடுகிறது. துணை என்றால் கூடச் சேர்ந்து அதே வேலையைச் செய்வது என்று ஆகும், பழைய டூவே ஜோடிக்கு வேண்டுமானால் அது பொருந்தும். தோழமை அதைவிட மோசம், யாருக்கு யார் தோழர்?

என் பரிந்துரை சைகைச் சொடுக்கி. செய்தி போகும் மஞ்சள் சைகைக் கம்பி. சைகை பள்ளிப் பாடநூலில் ஏற்கெனவே இருக்கிறது, வீட்டிலும் புழங்குகிறது, கேட்டதும் "இது கை காட்டும், காரியம் வேறொன்று செய்யும்" என்று விளங்குகிறது. விளக்கின் மின்சாரத்தை உண்மையில் வெட்டி இணைப்பதைச் சுமைச் சொடுக்கி என்றால் இரண்டும் எதிரெதிராக நிற்கும். இலங்கை நண்பர்கள் சைகை ஆளி, சுமை ஆளி என்று எழுதினால் யாருக்கும் குழப்பமில்லை.

இதில் ஓட்டை இல்லாமல் இல்லை. எங்கள் எலெக்ட்ரீஷியனிடம் இதை நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன், யோசிக்கவே இல்லை, "டம்மி சுவிட்ச் சார்" என்றார். சொல் கச்சிதம்தான், ஆனால் டம்மி என்று நம்பிக் கைவைத்தால் உள்ளே 230 வோல்ட். சைகைக்கும் அந்தக் குறை கொஞ்சம் உண்டு, சும்மா சிக்னல்தானே, 5 வோல்ட் இருக்கும் என்று ஒருவர் நினைக்கலாம். இதற்கு என்னிடம் மருந்து இல்லை, யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

மிச்சம் இருப்பது நிரந்தரப் பேஸாகிவிட்ட அந்த முதல் மஞ்சள். நேற்றுவரை பயணி, இன்றைக்கு எங்கேயும் போகாமல் உட்கார்ந்திருக்கிறது. நிலைமின் கம்பி என்று முதலில் எழுதி அடித்துவிட்டேன், ஸ்டாட்டிக் எலெக்ட்ரிசிட்டியைச் சொல்லும் நிலைமின்னியல் வந்து முட்டுகிறது. நாளைக்கு யாராவது புது ஆள் பெட்டியைத் திறந்து, இரண்டு மஞ்சள் இருக்கிறது, டூவேதான், ஒன்று சும்மா இருக்கும் என்று தொட்டுவிட்டால்? யாழ்ப்பாண நண்பர் பேஸுக்குச் சொன்ன உயிர்க்கம்பி இங்கே அப்படியே பொருந்துகிறது. பேஸுக்கு நாங்கள் சொல்லும் மின்னோட்டக் கம்பியை நான் இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கிறேன். நியூட்ரலுக்கு அவர்கள் சொல்லும் நொதுமல் கம்பியும் அழகுதான், ஆனால் திருச்சியில் அதைச் சொல்லி ஒரு மீட்டர்கூட வாங்க முடியாது.

இரண்டு பெட்டியிலும் மஞ்சள் கம்பிகளில் டேப் சுற்றி மார்க்கரில் ஒன்றில் "உயிர்", இன்னொன்றில் "சைகை" என்று எழுதி வைத்தேன். எலெக்ட்ரீஷியன் எட்டிப் பார்த்துவிட்டு, "உயிர்னா பேஸா சார்?" என்று கேட்டு, என் கையிலிருந்து மார்க்கரை வாங்கிப் பக்கத்தில் ஒரு "பே" போட்டுவிட்டு மூடியை மாட்டினார்.